சளிதான் என்று சொல்லச் சொன்னேன்

1

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை மாலை நாலேகால் மணிக்கு என் மகள் செசிலிக்குக் காய்ச்சல் வந்தது. காய்ச்சல் வந்ததற்கெல்லாம் மணி பார்த்து வைப்பார்களா என்று ஊரில் இருக்கும் நீங்கள் சிரிப்பீர்கள். சிரியுங்கள். நான் எழுத உட்கார்ந்ததே அந்த மணிக்காகத்தான்.

சிங்கப்பூரைப் பற்றி ஏதாவது எழுது, இங்கே பத்திரிகையில் போடச் சொல்கிறேன் என்று என் தம்பி கடிதத்துக்குக் கடிதம் கேட்கிறான். துறைமுகத்தையும் உயர உயரமான கட்டடங்களையும் பற்றி எழுதுவேன் என்று எதிர்பார்க்கிறான் போலிருக்கிறது. எனக்குத் தெரிந்த சிங்கப்பூர் அது இல்லை. தோ பாயோவில் ஆறாம் மாடியில் ஒரு ஹவுசிங் போர்டு வீடு. ஒரு தையல் மெஷின். அதில் தைத்துக் குவிகிற பள்ளிச் சீருடைகள். வாரம் ஒருமுறை பஸ் பிடித்துத் தேக்கா மார்க்கெட். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் சின்னப் பிள்ளைகளுக்கு ஞானோபதேச வகுப்பு. இதில் எழுத என்ன இருக்கிறது என்றுதான் இத்தனை நாளும் தட்டிக்கழித்தேன்.

செசிலிக்கு இருபது வயது. ராஃபிள்ஸ் பிளேஸ் பக்கம் ஒரு கம்பெனியில் டைப்பிஸ்ட். ஆறு மாதம் சோதனைக் காலம். அது முடிந்து வேலை நிரந்தரமா இல்லையா என்று அடுத்த திங்கட்கிழமை மேனேஜர் கூப்பிட்டுச் சொல்வதாக இருந்தது. பிரிட்டிஷ் பட்டாளம் மூட்டை கட்டப் போகிறது, ஆயிரக்கணக்கான பேருக்கு வேலை போகும் என்று ஊரெல்லாம் பேச்சு. இந்த நேரத்தில் கையில் இருக்கும் வேலையை யார் விடுவார்கள்? அவளும் விடமாட்டாள், நானும் விடச் சொல்லமாட்டேன்.

அன்று ஆறு மணிக்கு வீட்டுக்கு வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் சரிந்தாள்.

"என்னடி முகம் இப்படி இருக்கு?"

"கோல்டுதான் லா, மா. கொஞ்சம் தூங்கினா ஓகே ஆயிடும்."

"தும்மல் வந்துச்சா? மூக்கு ஒழுகுதா?"

"இல்ல."

"எப்ப ஆரம்பிச்சுது?"

"நாலேகாலுக்கு. ஒரு லெட்டர் டைப் பண்ணிட்டிருந்தேன். திடீர்னு குளிர ஆரம்பிச்சுது. முதுகெல்லாம் அடிச்சுப் போட்ட மாதிரி வலிக்குது."

நான் கையிலிருந்த துணியைக் கீழே வைத்தேன். தைத்தது பாதியில் நின்றது.

சளிக்கு மணி கிடையாது. சளி பிடித்த எவரையும் கேட்டுப் பாருங்கள். முந்தாநாள் தொண்டை கரகரத்தது, நேற்றுத் தும்மினேன், இன்றைக்கு மூக்கு ஒழுகுகிறது என்று கதையாகச் சொல்வார்கள். அது படிப்படியாக வருவது. சளி பிடித்தவர் மூக்கைச் சிந்திக்கொண்டே சமைப்பார், புலம்பிக்கொண்டே வேலைக்குப் போவார், நடுவில் சண்டையும் போடுவார். உடம்பு லேசாகச் சுட்டால் சுடும், அவ்வளவுதான். ஃப்ளூ அப்படியில்லை. மதியச் சாப்பாட்டை நன்றாகச் சாப்பிட்ட மனிதர் காப்பி நேரத்தில் நிற்க முடியாமல் போவார். உடம்பு அனலாகக் கொதிக்கும், அதோடு குளிரும். மூக்கு ஒழுகுவதற்கு முன்பே தலை பிளக்கும், கண்ணுக்குப் பின்னால் வலிக்கும், கை கால் இடுப்பெல்லாம் முறிந்தது மாதிரி இருக்கும். இருமல் வறட்டு இருமலாக இருக்கும். கேட்டால் இன்ன மணிக்கு வந்தது என்று சொல்லிவிடுவார்கள். எல்லாருக்கும் இது இப்படியே வரும் என்று நான் சத்தியம் செய்யவில்லை. ஆனால் மணி சொல்கிறவரை நான் சளி என்று விடமாட்டேன்.

இதை நான் புத்தகத்தில் படிக்கவில்லை. எப்படிப் படித்தேன் என்று சொல்கிறேன்.

2

முதலில் கப்பலைச் சொல்ல வேண்டும். ஐம்பத்தொன்றில் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறினோம். நான், என் வீட்டுக்காரர் சவரிமுத்து, மூன்று வயதுச் செசிலி. அவர் அதற்கு முன்பே சிங்கப்பூரில் வேலை பார்த்தவர், எங்களை அழைத்துப்போக வந்திருந்தார். டெக்கில் பாய் விரித்துப் படுக்கிற டிக்கெட். அந்த டிக்கெட்டில் வந்தவர்களுக்கு எல்லாம் ஒரே பயம், கோரண்டின். சிங்கப்பூர் வந்ததும் ஒரு டாக்டர் ஏறி வந்து டெக் பயணிகளை வரிசையில் நிற்கவைத்துப் பார்ப்பார். காய்ச்சல்காரர் யாராவது இருந்தால் கரைக்குப் பக்கத்தில் இருக்கும் தீவில் இறக்கி, நாள் கணக்கில் அடைத்து வைத்துவிடுவார்கள். காபின் பயணிகள் தொப்பியைத் தூக்கிவிட்டு நேரே இறங்கிப் போவார்கள்.

ஆகவே டெக்கில் வருகிறவர்களுக்கு ஒரு வித்தை தெரியும். ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்து, கப்பலுக்குக் கப்பல் கைமாறி வந்த வித்தை. டாக்டர் வருவதற்கு அரை மணி முன்னால் காய்ச்சல் மாத்திரையை விழுங்கவைப்பார்கள். ஈரத்துணியால் நெற்றி, கழுத்து, அக்குள் எல்லாம் துடைப்பார்கள். முகத்துக்குப் பவுடர். தலை வாரி, நல்ல சட்டை. டாக்டர் கேட்டால் எல்லார் வாயிலும் ஒரே பதில்: சளிதான், வேறு ஒன்றுமில்லை. காய்ச்சல் என்ற வார்த்தையே வாயில் வரக்கூடாது.

கப்பல் கரையைத் தொடப்போகும் அன்று காலை செசிலிக்கு உடம்பு சுட்டது. நான் அழுதேவிட்டேன். பக்கத்துப் பாயில் இருந்த ஒரு அம்மாள்தான் எனக்கு இந்த வித்தை எல்லாவற்றையும் செய்து காட்டினார். டாக்டர் வந்து செசிலியின் கன்னத்தைத் தொட்டார். "சளிதான் ஐயா," என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டு அடுத்தவரிடம் போனார். செசிலிக்கும் மூன்றாம் நாளே சரியாகிவிட்டது.

எவ்வளவு பெருமை எனக்கு! அப்போது நாங்கள் இருந்த கெர்பாவ் ரோட்டு வீட்டில் புதிதாக யார் வந்தாலும் இந்தக் கதையைச் சொல்வேன். ஈரத்துணியை எப்படிப் பிழிந்தேன், பவுடரை எப்படி அப்பினேன், டாக்டர் எப்படி ஏமாந்தார் என்று நடித்துக் காட்டுவேன். என் வீட்டுக்காரர் நூறாவது தடவையும் விழுந்து விழுந்து சிரிப்பார். செசிலி மடியில் உட்கார்ந்து, "அப்புறம் டாக்டர் என்னா சொன்னாரு?" என்று எடுத்துக்கொடுப்பாள்.

ஆறு வருடம் சொன்னேன். பிறகு அந்தக் கதையை நான் யாரிடமும் சொல்லவில்லை.

3

புதன்கிழமை காலை செசிலியை டாக்ஸியில் ஏற்றி ஜாலான் புசாருக்குக் கொண்டுபோனேன். டாக்ஸி எதற்கு, டாக்டர் எதற்கு என்று வழியெல்லாம் சண்டை. ஆனால் சண்டை போடக்கூட அவளால் முடியவில்லை. ஃபேரர் பார்க் தாண்டுவதற்குள் என் தோளில் சாய்ந்துவிட்டாள். அவள் என் தோளில் சாய்ந்து எத்தனையோ வருடம் ஆகிறது.

இதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். என் மகள் என்னை விட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருக்கிறாள் என்பதுதான் இந்த மூன்று வருடங்களாக என் பெரிய துக்கம். அவள் படித்தது இங்கிலீஷ் கான்வென்ட். வீட்டில் நான் தமிழில் கேட்டால் பாதி இங்கிலீஷில் பதில் வரும். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன், ஊரே அப்படித்தான் இருக்கிறது. பதினேழாவது வயதில் ஒரு சனிக்கிழமை, சாமியாரிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கிற பாவசங்கீர்த்தனத்துக்கு வரமாட்டேன் என்றாள். அடுத்த மாதம் ஞாயிறு பூசைக்கும் வரவில்லை. ஞானோபதேசம் சொல்லிக்கொடுக்கிற லூர்துமேரியின் மகளே கோயிலுக்கு வருவதில்லை என்று நாலு பேர் பேசினார்கள். நான் திட்டினேன், அழுதேன், ஒரு நாள் கையை ஓங்கிவிட்டேன். "விடுங்க மா, உங்களுக்குப் புரியாது," என்றாள். ஆபீஸ் சிநேகிதிகள் கெடுத்துவிட்டார்கள், சினிமா கெடுத்துவிட்டது, இந்த ஊர்க் காற்றே கெடுத்துவிட்டது என்று உங்களுக்கெல்லாம் கடிதம் எழுதினேன். தம்பி படித்திருப்பான்.

டாக்டர் தமிழர்தான், சின்ன வயது. கடைவீட்டின் கீழ்த்தளத்தில் கிளினிக். பெஞ்சு நிறைய ஆட்கள். ஹாங்காங் பக்கமிருந்து வந்த ஃப்ளூ ஊரைப் பிடித்திருந்தது. செசிலி வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன்.

"டாக்டர், இவளுக்கு நேத்து சாயங்காலம் நாலேகாலுக்குக் காய்ச்சல் வந்துது. மூக்கு ஒழுகல. உடம்பு வலி, தலைவலி, வறட்டு இருமல். வர்றதுக்கு முன்னாடி மாத்திரை எதுவும் குடுக்கல. நீங்க பார்க்கணும்னுதான் அப்படியே கூட்டிட்டு வந்தேன்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "இவ்வளவு தெளிவா யாரும் சொல்றதில்ல. யாரு சொல்லிக் குடுத்தாங்க உங்களுக்கு?"

"எங்க வீட்டுக்காரர்," என்றேன்.

செசிலி சட்டென்று என் பக்கம் திரும்பினாள். நான் பார்க்காததுபோல் கைப்பையைத் திறந்து மூடினேன்.

தெர்மாமீட்டரில் நூற்று மூன்று காட்டியது. நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்தார். ஃப்ளூதான், இப்போதைக்கு நுரையீரலில் ஒன்றுமில்லை என்றார். படுக்கை, நிறைய நீர் ஆகாரம், மருந்து. பிறகு செசிலியை விட்டுவிட்டு என்னிடம் சொன்னார்: "முக்கியமானது இதுதான் மா. நாலஞ்சு நாள்ல காய்ச்சல் விட்டுடும். விட்டதும் எழுந்து ஓடக்கூடாது. விட்ட காய்ச்சல் திரும்பி வந்தா, மூச்சு வாங்கினா, நெஞ்சு வலிச்சா, உதடு நீலம் பூத்தா, எனக்காகக் காத்திருக்காதீங்க. நேரா ஆஸ்பத்திரிக்குப் போயிடுங்க." அடுத்த செவ்வாய் வரைக்கும் எம்.சி. எழுதிக் கொடுத்தார். எம்.சி. என்றால் வேலைக்கு வராததற்கு டாக்டர் தரும் சீட்டு. இந்த ஊரில் அது இல்லாமல் நோய் நோயே இல்லை.

"மண்டே போயே ஆகணும், டாக்டர்," என்றாள் செசிலி.

"மேனேஜர் செவ்வாய்க்கிழமையும் உயிரோடதான் இருப்பாரு," என்றார் அவர்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த வாக்கியத்தை இதே போன்ற ஒரு திங்கட்கிழமைக்கு முன்னால் யாராவது என் வீட்டுக்காரரிடம் சொல்லியிருக்கக் கூடாதா என்று இருந்தது.

4

ஐம்பத்தேழு மே மாதம். நாங்கள் கெர்பாவ் ரோட்டில் ஒரு கடைவீட்டு மாடியில் பலகை அடித்துப் பிரித்த அறை ஒன்றில் இருந்தோம். மாடியில் ஆறு குடும்பம், ஒரு அடுப்படி. என் வீட்டுக்காரர் ரோட்டைத் தோண்டித் தண்ணீர்க் குழாய் பதிக்கிற வேலையில் நாள் கூலி. வருடக்கணக்காகக் காத்திருந்து, மாதச் சம்பள ஆளாக மாற்றுவதற்கு அந்த மாதம்தான் பெயர் வந்தது. மாதச் சம்பளம் ஆனால் குவார்ட்டர்ஸ் கிடைக்கும். கதவு உள்ள வீடு, எங்களுக்கே எங்களுக்கென்று ஒரு குழாய். அதற்கு ஒரே ஒரு வேலை பாக்கி, மெடிக்கல். அடுத்த திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு டாக்டர் முன்னால் போய் நிற்க வேண்டும். அதில் தவறினால் பெயர் கடைசிக்குப் போய்விடும் என்று மேஸ்திரி சொல்லியிருந்தார்.

அந்த மாதம்தான் ஃப்ளூவும் வந்தது. பள்ளிக்கூடங்களை மூடினார்கள். செசிலி வீட்டில் இருந்தாள். தேக்காவில் பாதிக் கடைகளில் ஆள் இல்லை. எங்கள் மாடியிலேயே மூன்று பேர் படுத்து, ஒரு வாரத்தில் எழுந்தும் விட்டார்கள். பெரும்பாலானவர்கள் அப்படித்தான் எழுந்து நடந்தார்கள், அதையும் சொல்ல வேண்டும். அதனால்தான் எனக்கு நோயைப் பற்றிப் பயமே இருக்கவில்லை. என் பயமெல்லாம் திங்கட்கிழமையைப் பற்றித்தான்.

மெடிக்கலுக்குச் சரியாக ஒரு வாரம் முன்னால், முந்தின திங்கட்கிழமை அவர் வேலையிலிருந்து பாதியில் வந்தார். "ரெண்டரை மணி லூர்து," என்றார். "அதுவரைக்கும் நல்லாத்தான் இருந்தேன். மம்பட்டியைத் தூக்கினேன், கை விட்டுப் போச்சு." பாயில் விழுந்தார். அந்த வெயிலில் இரண்டு போர்வை கேட்டார். மணியைச் சொன்னவர் அவர்தான். கேட்டுக்கொண்டே நான் போர்வையை இழுத்துப் போர்த்தினேன்.

வேலைக்குப் போகாத நாளுக்குச் சீட்டு வேண்டும். சீட்டில் ஃப்ளூ என்று எழுதிவிட்டால் மெடிக்கலுக்குக் கூப்பிடமாட்டார்கள். அடுத்த அறையில் இருந்த பாக்கியம் அக்கா வேறு, "காய்ச்சல்னு சொன்னா தீவுக்கு ஏத்திடுறாங்களாம் லூர்து," என்று குசுகுசுத்தார். அது வெறும் புரளி என்று பிறகு தெரிந்தது. அப்போது எனக்குக் கப்பல் ஞாபகம் வந்துவிட்டது. ஏற்கெனவே ஒருமுறை பலித்த வித்தைதானே?

செவ்வாய்க்கிழமை காலை, போவதற்கு அரை மணி முன்னால் இரண்டு மாத்திரை கொடுத்தேன். ஈரத்துணியால் துடைத்தேன். முகத்துக்குப் பவுடர் போட்டேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு, "இந்தத் தடவை எனக்கா?" என்று சிரிக்கப் பார்த்தார். நல்ல சட்டை போட்டு, ஒரு பக்கம் நான், ஒரு பக்கம் செசிலி பிடித்துக்கொண்டு அரசாங்க மருந்தகத்துக்கு நடந்தோம்.

அங்கே கூட்டம் தெருவரைக்கும் நின்றது. வழக்கமாக நோயாளிகளைப் பார்த்து மருந்து கொடுக்கிற, தமிழ் பேசும் டிரெஸ்ஸருக்கும் ஃப்ளூ, அவர் வரவில்லை. அன்று இருந்தது சீமையிலிருந்து புதிதாக வந்த ஒரு மிஸ்ஸி. இங்கே நர்ஸை மிஸ்ஸி என்பார்கள். அவருக்கு மலாய்கூடத் தெரியாது. என் வீட்டுக்காரருக்கு இங்கிலீஷ் தெரியாது, எனக்கும் தெரியாது. எங்கள் மூவரில் இங்கிலீஷ் பேசக்கூடியது ஒன்பது வயதுச் செசிலி மட்டும்தான்.

வரிசையில் நிற்கும்போதே அவளிடம் சொன்னேன். "அப்பாவுக்குக் கோல்டுன்னு சொல்லு. நாலு நாளா சளின்னு சொல்லு."

"காய்ச்சல்தானே மா? நேத்துத்தானே வந்துச்சு?"

"சொன்னதைச் சொல்லு."

"பொய் சொன்னா பாவம்னு ஃபாதர் சொன்னாரு மா."

அவள் அந்த வருடம்தான் புதுநன்மை, அதாவது முதல் நற்கருணை, வாங்கியிருந்தாள். நான் அவள் கையைக் கிள்ளினேன். கண்ணில் தண்ணீர் வந்தது. எங்கள் முறை வந்ததும் நன்றாக, தெளிவாக, பள்ளியில் பாடம் ஒப்பிப்பதுபோல் ஒப்பித்தாள். அந்த மிஸ்ஸி அவரின் நெற்றியில் கை வைத்துப் பார்த்தார். பின்னால் நூறு பேர் நிற்கிறார்கள், பாவம், அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. இருமல் மருந்தும் சீட்டும் கொடுத்தார். செசிலியிடம் ஏதோ சொன்னார். "காய்ச்சல் வந்தா, மூச்சு வாங்கினா உடனே திரும்பி வரணுமாம் மா," என்றாள் செசிலி. வெளியே வந்ததும் அவளுக்கு ஐஸ் கட்டி வாங்கிக் கொடுத்தேன். சிவப்புச் சர்பத் ஊற்றிய ஐஸ் கட்டி. அவள் அதைச் சாப்பிடவில்லை, கையிலேயே கரையவிட்டாள். பிடிவாதக்காரி என்று திட்டினேன்.

வெள்ளிக்கிழமை காய்ச்சல் விட்டது. சனிக்கிழமை எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்தார். குவார்ட்டர்ஸில் செசிலிக்கு ஜன்னலோரம் ஒரு மேசை போட வேண்டும் என்றார். ஞாயிறு மதியம் மறுபடி குளிர் வந்தது. நெஞ்சு குத்துகிறது என்றார். திரும்பி வரச் சொல்லியிருந்தார்களே என்று செசிலி இரண்டு தடவை சொன்னாள். விடிந்தால் மெடிக்கல், மெடிக்கலிலேயே டாக்டர் இருக்கிறாரே என்று நான் அவள் வாயை அடைத்தேன். திங்கட்கிழமை காலை மறுபடி மாத்திரை, ஈரத்துணி, பவுடர். மாடிப்படியில் நாலு படி இறங்கினார். ஐந்தாவது படியில் உட்கார்ந்துவிட்டார். வாயைத் திறந்து திறந்து மூச்சை இழுத்தார். பவுடர் போட்ட முகத்தில் உதடு மட்டும் நீலமாக இருந்தது.

ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டர் பழைய சீட்டைக் கேட்டு வாங்கிப் படித்தார். அதைப் படித்துவிட்டு என்னைப் பார்த்த பார்வைக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. என் வீட்டுக்காரர் புதன்கிழமை போய்விட்டார். சாவுச் சான்றிதழில் நிமோனியா என்று எழுதியிருந்தார்கள். அதற்கும் அலுவலகம் அலுவலகமாக அலைந்தேன், அங்கேயும் செசிலிதான் எனக்காகப் பேசினாள். ஒவ்வொரு மேசையிலும் அப்பா எப்படிச் செத்தார் என்று அந்தப் பிள்ளையைச் சொல்லவைத்தேன்.

பிறகு நான் எல்லார் மேலும் பழி போட்டேன். ஃப்ளூவைச் சொன்னேன், மேஸ்திரியைச் சொன்னேன், பாக்கியம் அக்காவைச் சொன்னேன். உங்களுக்கெல்லாம் என்ன எழுதினேன் என்று தம்பிக்கு ஞாபகம் இருக்கும்: நல்லாத்தான் இருந்தார், திடீரென்று போய்விட்டார். செசிலி அதைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசியதில்லை. சின்னப் பிள்ளை, மறந்திருப்பாள் என்று நினைத்தேன். மறந்திருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன் என்று சொல்வதுதான் சரி.

5

இந்தத் தடவை செசிலிக்குக் காய்ச்சல் சனிக்கிழமை விட்டது. ஞாயிறு காலை நான் ஞானோபதேச வகுப்புக்கு வரமுடியாது என்று சொல்லியனுப்பிவிட்டு வீட்டிலேயே இருந்தேன். கஞ்சியோடு அறைக்குள் போனபோது அவள் நின்றுகொண்டு ஆபீஸ் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். ஒரு கையால் மேசையைப் பிடித்திருந்தாள். மேல் உதட்டில் வியர்வை.

"என்ன பண்ற?"

"நாளைக்கு மேனேஜரைப் பார்க்கணும் மா. ஃபீவர் போயிடுச்சு. ஐ ஆம் ஓகே."

"டாக்டர் செவ்வாய் வரைக்கும் சீட்டு குடுத்திருக்காரு."

"எம்.சி. காட்டினா வீக்னு நினைப்பாங்க. போயிட்டு வந்து படுத்துக்கிறேன். யாராவது கேட்டா கோல்டுன்னு சொல்லிக்கிறேன்."

நான் போய் இஸ்திரிப் பெட்டியின் வயரைப் பிடுங்கினேன். அவள் கோபமாகத் திரும்பினாள். எப்போதும் நடக்கிற சண்டை ஒன்று நடக்கப்போகிறது என்று அவள் நினைத்திருப்பாள். நான் கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன்.

"உங்கப்பா இப்படித்தான் ஆறாம் நாள் எழுந்து உட்கார்ந்தாரு," என்றேன். "செசிலி, உங்கப்பா சும்மா சாகல. நான்தான் காரணம். அவருக்குக் காய்ச்சல்னு எனக்குத் தெரியும். ரெண்டரை மணின்னு சொன்னாரு. நான்தான் மாத்திரை குடுத்து, துடைச்சு, பவுடர் போட்டு…"

"தெரியும் மா."

"என்ன தெரியும்?"

"நான் அங்கதானே இருந்தேன். சொன்னது என் வாய்தானே மா?"

மிஸ்ஸியிடம் சொன்ன இரண்டு வார்த்தையைத் தவிர அவள் இங்கிலீஷ் கலக்காமல் சொன்னாள். நின்றபடியே, இஸ்திரி போட்ட சட்டையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "நாலு நாளா கோல்டு, ஃபீவர் இல்லன்னு சொன்னேன். நான் ஃபீவர்னு சொல்லியிருந்தா அந்த மிஸ்ஸி அப்பாவை உள்ள கூட்டிட்டுப் போயிருப்பாங்க. எனக்கு ரெண்டு வார்த்தையும் தெரியும் மா. தெரிஞ்சேதான் சொன்னேன்."

"நான் சொல்லச் சொன்னேன்டி. கிள்ளினேன்."

"கிள்ளினது வலிக்கவே இல்ல."

நான் அழுதேன். வெட்கமில்லாமல் வாய்விட்டு அழுதேன். அவள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் அவளுக்கு மூச்சு வாங்கியது, நான் பதறிப்போய் உதட்டைப் பார்த்தேன். நல்ல நிறமாகத்தான் இருந்தது. நெற்றியைத் தொட்டேன். சுடவில்லை. களைப்புதான்.

"ஒவ்வொரு சனிக்கிழமையும் கன்ஃபெஷன்ல சொல்லுவேன் மா," என்றாள். "நர்ஸ்கிட்டப் பொய் சொன்னேன்னு மட்டும்தான் சொல்லுவேன். மிச்சத்தைச் சொல்ல வராது. ஃபாதர் மூணு ஹெயில் மேரி ஜெபம் சொல்லச் சொல்லுவாரு. அப்பா செத்ததுக்கு மூணு ஹெயில் மேரி. அடுத்த வாரம் திரும்பப் போய் அதையே சொல்லுவேன். எட்டு வருஷம். ஒரு நாள் ஃபாதர், ஏம்மா இந்தச் சின்னப் பொய்யையே திரும்பத் திரும்பச் சொல்ற, அது எப்பவோ மன்னிச்சாச்சுன்னாரு. அதுக்கப்புறம் போகப் பிடிக்கல."

பதினேழு வயதில் கோயிலை விட்டாள் என்று நான் ஊர் முழுக்கப் புலம்பினேனே, அது இதுதான். சினிமாவும் இல்லை, சிநேகிதியும் இல்லை. நான் என் வாயால் சொல்ல வேண்டியதை அவள் வாயில் வைத்து அனுப்பினேன். அது அங்கேயே தங்கிவிட்டது.

திங்கட்கிழமை அவள் வேலைக்குப் போகவில்லை. கீழே காப்பிக் கடைப் போனிலிருந்து நானே மேனேஜருக்குப் பேசினேன். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் செசிலி, ஃப்ளூ, ஃபீவர், டாக்டர், டியூஸ்டே என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவர் என்ன பதில் சொன்னார் என்று எனக்குச் சரியாகப் புரியவில்லை. வேலை நிரந்தரமா என்று இதை எழுதும்வரை தெரியவில்லை. சோதனைக் காலத்தை இன்னும் ஒரு மாதம் நீட்டியிருக்கிறார்கள்.

அந்த எட்டு வருடமும் சனிக்கிழமை சாயங்காலங்களில் நானும் கோயிலுக்குப் போனேன். அவளை எனக்கு முன்னால் நிறுத்தி, தலையில் முக்காட்டைச் சரிசெய்து உள்ளே அனுப்பிவிட்டு, அவள் எழுந்து வந்ததும் அதே இடத்தில் நான் முழங்கால் போடுவேன். கோபப்பட்டேன், புறம் பேசினேன், ஜெபத்தில் பராக்குப் பார்த்தேன் என்று ஒவ்வொன்றாகச் சொல்வேன். மருந்தக வரிசையில் நின்ற அந்தச் செவ்வாய்க்கிழமையை ஒருமுறைகூடச் சொன்னதில்லை.